நீ பார்த்து வைத்த ஊர்

அக்கா, மாலையானால் இந்த ஆற்றங்கரையில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் கடிக்கின்றன. விடுதிக்கார அம்மாள் தடவிக்கொள்ள ஒரு களிம்பு கொடுத்தாள். மூடியைத் திறந்ததும் நாம் இருவரும் தங்கியிருந்த கேளம்பாக்கம் ஃப்ளாட்டின் மொட்டை மாடி வாடை. கைகாலெல்லாம் கொசு மருந்து பூசிக்கொண்டு, போனில் ஸ்காட்லாந்து வரைபடத்தை விரலால் பெரிதாக்கி, டே ஆற்றோரம் இருக்கும் இந்தச் சின்ன ஊரை நீ காட்டிய நாட்களின் வாடை.

"பெரிய ஊருக்குப் போனா ஓடிகினே இருக்கணும். இங்க பொட்டிய வெச்சிட்டு, காலைல ஒரு பஸ்ஸு புடிச்சி எங்கனா போயிட்டு, சாய்ந்திரம் வூட்டுக்கு வர்ற மாதிரி வந்துடலாம்" என்றாய்.

நீ சொன்னது சரிதான். நேற்று ஓர் ஏரிக்குப் போனேன், இன்று கூரையில்லாத ஒரு கோட்டைக்கு. திரும்பி வந்தால் அதே கல் பாலம், அதே ரொட்டிக் கடை, என் அறை.

உனக்குச் சம்பளம் இருந்தது, லீவு இருந்தது, பாஸ்போர்ட்டும் இருந்தது. ஆனாலும் திருவிடந்தையில் உன் வீட்டுக்குப் போய், இங்கே வரட்டுமா என்று கேட்டாய். "இன்னாடி அவசரம்? கல்யாணம் ஆவட்டும், அவரு இட்டுகினு போவாரு" என்றாள் பெரியம்மா. இல்லாத ஒருவரை அத்தனை மரியாதையாகச் சொன்னாள். கல்யாணம் கூடிவர வேண்டுமென்று எங்கெங்கிருந்தோ வந்து, கழுத்தில் மாலையோடு பெருமாள் கோயிலைச் சுற்றுகிறவர்களோடு, பக்கத்துத் தெருக்காரியான நீயும் சுற்றினாய். மாலை வீட்டுச் சுவரில் காய்ந்தது. பெண் பார்க்க வந்த ஒருவர், கல்யாணமாகாத பெண்ணுக்குப் பாஸ்போர்ட் எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனார். பெரியப்பா அதை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். நீ சாவியைக் கேட்கவில்லை.

டெங்கு உன்னை ஒரே வாரத்தில் கொண்டுபோயிற்று. பேனருக்குப் படம் தேடியபோதுதான் பீரோ திறந்தது. காது தெரிய, சிரிக்காமல் எடுத்த அந்தப் பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கி, கண்ணீர் அஞ்சலி என்று ஈசிஆர் சாலையோரத்தில் கட்டினார்கள். மாமல்லபுரம் போகிற சுற்றுலா வண்டிகளெல்லாம் உன்னைக் கடந்துதான் போயின.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். ஏன் கேட்டாய்? நான் யாரையும் கேட்கவில்லை. விமான நிலையத்திலிருந்துதான் வீட்டுக்குச் சொன்னேன். அம்மா, "ஆபீஸ் வேலையா போயிருக்கான்னு சொல்லிக்கிறேன். போட்டோ கீட்டோ எதுவும் போட்டுடாத" என்றாள். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்று காலை ரொட்டித் தட்டை வைத்துவிட்டு, விடுமுறைக்குத்தானே வந்திருக்கிறாய் என்று விடுதிக்கார அம்மாள் சாதாரணமாகக் கேட்டாள். இந்த ஊரில் என்னைப் பெண் பார்க்க வருகிறவர் ஒருவரும் இல்லை.

ஆபீஸ் வேலையாக வந்தேன் என்றேன்.