பெஞ்சில் கழியும் இருபத்தெட்டு

மார்ச் 4
மறுபடி பெஞ்ச். வானொலியில் அந்த வாயாடி சொல்கிறான், கூடைப்பந்துக்காரனுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டுதான் உச்சமாம், பிறகு இறக்கம்தானாம். எனக்கு இருபத்தெட்டு. வாஸ்கோவுக்கு முப்பத்தேழு. பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் இடம் அணியில் ஒன்றுதான். அதை அவன் விடுவதாயில்லை. என் உச்சம் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 9
உடைமாற்றும் அறையில் மாத்தே டீ ஒரே குவளையில் சுற்றி வந்தது. ஊற்றிக் கொடுத்தவன் கிழவன் வாஸ்கோதான். அடுத்த சுற்று வேண்டாமென்றால்தான் நன்றி சொல்வோம். நான் முதல் உறிஞ்சிலேயே சொன்னேன்.
"என்னடா ஒல்லி, கசக்குதா?"
"வயிறு சரியில்ல."
பொய்யில்லை. வயிற்றெரிச்சலும் வயிற்றுக் கோளாறுதானே.

மார்ச் 22
அவனுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. எனக்குச் சந்தோஷம். ஆமாம், சந்தோஷம். யார் படிக்கப் போகிறார்கள்?

மார்ச் 24
வீக்கம் வடிந்துவிட்டது. சனியன்.

ஏப்ரல் 15
கோச் கூப்பிட்டார். "நாளையிலேர்ந்து நீதான் ஆரம்பிக்கிற."
அதோடு வாயை மூடியிருக்கலாம். யார் முடிவு என்று கேட்டேன்.
"வாஸ்கோதான் சொன்னான். முழு ஆட்டம் கால் தாங்கலயாம், கடைசில இறங்கிக்கிறானாம்."
பிச்சையா? எனக்கா? என் இடத்த எனக்கே தானம் பண்ண இவன் யாரு?

மே 6
ஒலிபெருக்கியில் முதலில் என் பெயர்தான். கேட்பதற்குத்தான் ஆளில்லை, பாதிப் பேர் வாசலில் சோரிபான் வாங்கி, ரொட்டியும் சாசேஜுமாகத் தின்றுகொண்டிருக்கிறார்கள். கடைசி ஐந்து நிமிடம் நான் வெளியே, அவன் உள்ளே. பாஹியா பிளாங்கா ஊரே எழுந்து நிற்கிறது. நான் சமைத்து வைக்கிறேன், அவன் பரிமாறிப் பேர் வாங்குகிறான்.
"நீயும் நல்லாத்தான் ஆடற" என்றாள் மரியேல். கட்டிக்கொண்டவளே 'நீயும்' என்கிறாள்.

ஜூன் 13
இறுதி ஆட்டம்.
ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். மாற்று ஆளுக்கான மணி அடித்தது, வாஸ்கோ எழுந்து வந்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சுக்கு நடந்தேன். யாரும் சொல்லவில்லை, கால் தானாகப் போனது.
"எங்கடா போற? நான் புரூனோவுக்குப் பதிலா வந்திருக்கேன். நீ இரு."
"பந்து?"
"உங்கிட்டயே. எனக்கு ஓட முடியாது, மூலைல நிக்கிறேன்."
என்மேல் இரண்டு பேர் பாய்ந்தார்கள். நானே போட்டிருக்கலாம் — சத்தியமா வழி இருந்துச்சு. ஆனால் மூலையில் அவன் தனியாக நின்றான். கொடுத்தேன். போட்டான். ஆட்டம் முடியும் மணி அடித்தது.

ஜூன் 14
நாளிதழில் கொட்டை எழுத்து: முப்பத்தேழில் உச்சம்! அரைப்பக்கத்துக்கு அவன் படம், கூட்டத்துக்கு மேலே கையை விரித்துக்கொண்டு. என் பெயர் உள்ளே எங்கேயோ.
மரியேல் அதைக் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்.
"அவன் மூஞ்சி நம்ம வீட்ல எதுக்கு?"
"கீழ பாரு."
அவன் உட்கார்ந்திருப்பது என் தோளில்.
என்ன கனம் கனத்தான், கிழவன்.