கிம் சார் சாப்பிடாத இரண்டு காலை

நவம்பர் 10, திங்கள்

விடிய விடிய மழை. ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவில் கணுக்கால் தண்ணீர். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓட்டம். நான் சமைக்கிற கேளம்பாக்கம் கெஸ்ட் ஹவுஸில் போய் இறங்கும்போது மணி ஆறு. வாசலில் மேனேஜர் பாஸ்கர் சார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

"இன்னா சார், வாட்ச்மேன் வேலையும் நீங்களே எட்த்துக்கினீங்களா?" என்றேன். சிரிக்கவில்லை. சிரிப்புக்குத் தனியாகச் சம்பளம் தரவேண்டும் போல.

இந்த வாரம் மாடியில் நாலு பேர். மறக்காமல் இருக்க:

ரூம் 1 ஜெர்மன்காரர். கறுப்பு ரொட்டி, சீஸ், சில்லென்று கறி வில்லை. முட்டை சரியாக 5 நிமி. ஆறானால் முகம் தொங்கிவிடும்.

ரூம் 2 துருக்கிக்காரர். தக்காளி, வெள்ளரி, ஆலிவ் காய், வெள்ளை சீஸ், தேன். பால் இல்லாத டீ நாலு கிளாஸ். சாப்பிட்டு எழ ஒரு மணி நேரம்.

ரூம் 3 அமெரிக்காப் பெண். ஓட்ஸை முதல் நாளே பாலில் ஊறப்போட்டு ஃபிரிட்ஜில். அடுப்பே வேண்டாம். எனக்கே வேலை போய்விடும்.

ரூம் 4 கிம் சார், கொரியா. சோறு, சூப், கிம்சி என்கிற முட்டைகோஸ் ஊறுகாய், வறுத்த மீன். காலங்காத்தாலேயே கல்யாண சாப்பாடு. நான் சொல்லிக்கொடுத்த இரண்டு தமிழ் வார்த்தை: போதும், சூப்பர். 'சூப்பர்' தமிழ் இல்லை என்று இதுவரை அவருக்குச் சொல்லவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டது. கொசு.

கிம் சார் தட்டு அப்படியே இருந்தது. மீனைத் தொடவே இல்லை. சட்டை நனையும் அளவுக்கு வேர்வை, ஏசி போட்ட ரூமில். இடது தோளைத் தேய்த்துக்கொண்டு "பெயின், பெயின்" என்றார். அப்புறம் நெஞ்சைக் காட்டினார்.

"வாயு சார் வாயு! தெனமும் பொழுது விடியறதுக்குள்ள இவ்ளோ முட்டைகோஸ் துன்னா காத்து எங்க போவும்?" என்று ஏப்பம் விட்டுக் காட்டினேன். துருக்கிக்காரர் டீ புரையேறச் சிரித்தார். கிம் சாருக்கும் சிரிப்பு. ஓமம் கொதிக்கவைத்து ஒரு டம்ளர் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக் குடித்துவிட்டு, "சூப்பர்" என்றார்.

வாங்க வேண்டியது: வெள்ளரி, பூண்டு, சோப்புத்தூள்.

நவம்பர் 12, புதன்

கிம் சார் இன்றும் சாப்பிடவில்லை. அரிசியைக் காட்டி "ஜுக்" என்றார். குழைய வேகவைத்தால் அது நம்ம கஞ்சிதான். இரண்டு ஸ்பூன். "போதும்" என்றார்.

பையிலிருந்து ஒரு பாக்கெட் எடுத்துக் கொடுத்தார். கறுப்பாக, காய்ந்த கடல்பாசி. நாளைக்கு அவருக்குப் பிறந்தநாள். அவர்கள் ஊரில் பிறந்தநாள் காலையில் கேக் இல்லையாம், இந்தப் பாசி சூப்தான். பெண்டாட்டி அனுப்பிவைத்தது. ஊறவைக்கணும், மாட்டுக்கறி, பூண்டு, நல்லெண்ணெய். எல்லாம் கையாலேயே சொன்னார். வலது கையால் மட்டும்.

"ஓகோ, பொண்டாட்டி நெனப்பு. அதான் சோறு எறங்கல!" என்றேன். தோளைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

பாஸ்கர் சாரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று போனேன். போனில் இருந்தார். பால் பொங்கியது, திரும்பி ஓடினேன். அப்புறம் மறந்தே போனேன்.

நவம்பர் 13, வியாழன்

சூப் ஆறே முக்காலுக்கு ரெடி. ஏழு. ஏழரை. எட்டு. கதவைத் தட்டினேன். "பர்த்டே பாய், வாங்க" என்று கத்தினேன்.

பாஸ்கர் சார் மாற்றுச் சாவி கொண்டுவந்து திறந்தார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிம் சார் விழுந்து கிடந்தார். விடிவதற்கு முன்பே உயிர் போயிருக்கும், ஹார்ட் என்றார் வந்து பார்த்த டாக்டர். படி இறங்கும்போது பாஸ்கர் சாரிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது: "ரெண்டு நாள் முன்னாடியே வலி இருந்திருக்கணுமே. யார்ட்டயும் சொல்லலயா? அப்பவே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

சமையலறைக்குப் போய்ப் பாசி சூப்பை மூடிவைத்தேன்.

ஜெர்மன்காரர் முட்டையைச் சாப்பிட்டார். அமெரிக்காப் பெண் ஓட்ஸைத் தொடவில்லை, அழுதுகொண்டே இருந்தது.

நவம்பர் 14, வெள்ளி

வீட்டுக்காரர் கேட்டார்: "இன்னாடி, வாய்க்கு லீவு வுட்டுட்டியா?" சொன்னேன். எல்லாம். "ஒனக்கு இன்னா தெரியும், நீ இன்னா டாக்டரா?" என்றார். அதுதானே. தெரியாதவள் தெரிந்த மாதிரி சிரித்தேன்.

பாஸ்கர் சார் சமையலறைக்கு வந்தார். இதுவரை வந்ததே இல்லை. "மல்லிகாக்கா, அவங்க மிஸஸ் நாளைக்கு வர்றாங்க. யார் கேட்டாலும் நல்லாத்தான் இருந்தார்னு சொல்லுங்க. அவ்வளவுதான். புரியுதா?"

தலையை ஆட்டினேன்.

நவம்பர் 15, சனி

கிம் சார் பெண்டாட்டி, கிம் அம்மா, வந்தார். என் வயசுதான் இருக்கும். கறுப்பு கோட்டு, சின்ன பெட்டி ஒன்று. கீழ் ரூமில் தங்கல். சாப்பாடு வேண்டாம் என்று கையசைத்தார். வெந்நீர் மட்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

வானம் மப்பு. கிம் சார் கம்பெனியிலிருந்து கொரிய பாஷை தெரிந்த நம்ம ஊர்ப் பெண் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். கிம் அம்மா என்னை உட்காரச் சொன்னார். அந்தப் பெண் கேட்டது: "அக்கா, கடைசி ரெண்டு மூணு நாள் சார் நல்லா சாப்பிட்டாரா, உடம்புக்கு ஏதாவது சொன்னாரான்னு கேட்கறாங்க."

பாஸ்கர் சார் கதவு பக்கம் நின்றுகொண்டிருந்தார். இருந்தாலும் சொன்னேன். தோளைத் தேய்த்தது, வேர்த்தது, நெஞ்சைக் காட்டியது, நான் வாயு என்றது, ஏப்பம், ஓமத் தண்ணீர், இரண்டு காலை சாப்பிடாதது, யாரிடமும் சொல்லாதது. பேசி முடிக்கும்போது எனக்கு மூச்சு வாங்கியது.

அந்தப் பெண் என்னைப் பார்த்தது. பாஸ்கர் சாரைப் பார்த்தது. கிம் அம்மா பக்கம் திரும்பி இரண்டு வார்த்தை சொன்னது. இரண்டே.

கிம் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தலை முட்டியில் படுகிற மாதிரி குனிந்தார். எனக்கு நன்றி!

வெளியே அந்தப் பெண்ணை மடக்கினேன். "இன்னாம்மா சொன்ன?"

"நல்லா பாத்துக்கிட்டாங்கன்னு சொன்னேன்க்கா. இன்னிக்கு அவங்களுக்கு அது போதும். விடுங்க."

ராத்திரி, நாம் பேசினால் கொரிய பாஷைக்கு மாற்றித் தருகிற ஆப்பை என் மகளிடம் போனில் போடச் சொல்லிப் பார்த்தேன். என் பேச்சு அதற்குப் பிடிபடவே இல்லை. ஏதேதோ எழுதியது.

நவம்பர் 17, திங்கள்

மழை இல்லை. முதல் பஸ். ஐந்தரைக்கே போய்விட்டேன். கிம் அம்மாவுக்கு இன்று விமானம். பெட்டி கட்டி, சாப்பாட்டு மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தார். கஞ்சி வைத்தேன். மறுபடி குனிந்தார். இரண்டு ஸ்பூன் சாப்பிட்டார். நல்லா இருக்கு என்று கையால் காட்டினார்.

எதிரில் உட்கார்ந்தேன். கிம் சார் ரூம் இருந்த மாடியைக் காட்டினேன். என் இடது தோளைத் தேய்த்தேன். நெஞ்சைப் பிடித்தேன். நெற்றி வேர்வையை வழித்தேன். அப்புறம் என்னைக் காட்டி, ஏப்பம் விட்டேன். ஒரு டம்ளரை நீட்டினேன். சிரித்தேன். நான் சிரித்ததையும் காட்ட வேண்டியிருந்தது, வேறு வழி இல்லை. அந்த ஹாலில் என் சிரிப்பு எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

கிம் அம்மா ஒரு விரலைத் தூக்கினார். ஒரு நாளா என்பது போல என் முகத்தைப் பார்த்தார். நான் இரண்டு விரல் காட்டினேன்.

கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். ஸ்பூனை அதன் பக்கத்தில் நேராக வைத்தார். எழுந்து, குனியாமல், பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். வண்டி வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கடைசி வரை திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறரை. ஜெர்மன்காரருக்கு முட்டை வேகப்போட வேண்டும்.