கோல்கீப்பரின் முடி

1983 ஜூலை 22, வெள்ளி

ஆடிக் காற்று. மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் புழுதி.

காலையில் பள்ளிக்கூட மைதானம். சுவரில் எறிந்தேன், தடுத்தேன். எறிந்தேன். சுவர் நேர்மையானது. கொடுத்ததை அப்படியே திருப்பித் தரும். கோல்கீப்பருக்கு அது போதாது, ஏமாற்றுகிற ஒரு கை வேண்டும். இந்த ஊரில் ஹேண்ட்பால் எறியத் தெரிந்த ஒரே ஆள் நான். எந்தப் பக்கம் வரும் என்று முன்பே தெரிந்த பந்து.

திரும்பும்போது டீக்கடை. போன மாதம் கிரிக்கெட்டில் கோப்பை வந்ததிலிருந்து அங்கே வேறு பேச்சில்லை. கடைக்காரர் கேட்டார்.

"இன்னாம்மா, நீயும் இந்தியாவுக்குத்தான ஆடின? உங்க கப்பு எங்க?"

"வரலண்ணா."

"வாலிபாலு தான?"

"ஹேண்ட்பால்."

"அதான், கையால அடிக்கிறது."

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெண்கள் தேசிய அணி, வெளிநாட்டில், இதுவரை:
வெற்றி – இல்லை.
சமன் – இல்லை.
மற்றதெல்லாம் தோல்வி.

மாலை தந்தி. கதவில் தந்திக்காரரைப் பார்த்ததும் அம்மா, "யாருக்கு இன்னா ஆச்சு?" என்று மாரைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது முகாம், வடக்கே, ஆகஸ்ட் முதல் வாரம். அதில் தேர்வானால் மறுபடி வெளிநாடு.

அம்மா: "மறுபடியுமா?" மகிழ்ச்சியா, பயமா. தெரியவில்லை.

ஜூலை 24, ஞாயிறு

வெயில். பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் அத்தை. கையில் லுங்கி ஒன்று நைனாவுக்கு, மாப்பிள்ளை ஒன்று எனக்கு.

பி.காம். வீட்டில் பவர்லூம் ஓடுகிறது. சத்தத்தில் வளர்ந்ததால் கத்திப் பேசுவானாம், மற்றபடி தங்கம். அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். பிடித்தால் ஆவணியில் கல்யாணம்.

"பொண்ணு இன்னா பண்ணுதுன்னு கேட்டாங்க. எம்.ஏ. முடிச்சிட்டு வீட்ல கீதுன்னேன். பந்து பேச்ச நான் எடுக்கவே இல்ல."

"எனக்கு முகாம் இருக்கு அத்தை."

"ஊருக்கு ஊரு போய் தோத்துட்டு வர்றதுக்கா?"

நைனா வழக்கம்போல் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். அரக்கோணம் லோகோ ஷெட்டில் எஞ்சின் இரைச்சலுக்கு அசையாத மனிதர். வீட்டில் குரல் உயர்ந்தால் முகம் காணாமல் போய்விடும்.

பிறகு அத்தை என்னை உட்காரவைத்துத் தலை வாரினாள். பின்னலைக் கையில் எடை பார்ப்பதுபோல் தூக்கினாள். "இது ஒண்ணு போதும்டி. மாப்பிள்ள வீட்ல இதப் பாத்தே சரின்னுடுவாங்க."

எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. முகம் வெளுத்தது. ஏன்?

ஜூலை 26, செவ்வாய்

மேகம், மழை இல்லை. சோப்பு வாங்க மறந்தேன்.

எழுதிப் பார்க்கிறேன், ஒரு தடவை மட்டும்.

நாங்கள் எல்லோரும் மண்ணில் ஆடி வந்தவர்கள். கபடியிலிருந்து வந்தவர்கள் பாதி, ஓட்டத்திலிருந்து பாதி. மண்ணில் காலடிக்கு எறிந்த பந்து எழும்பாமல் குந்திவிடும். நானும் அதோடு குந்துவேன். பல வருடப் பழக்கம். அங்கே, வெளிநாட்டில், மரத்தரை, விளக்கு, கூரை. முதல் மேட்ச், முதல் பந்து, காலடிக்கு வந்தது. குந்தினேன். பந்து தரையில் பட்டு எழும்பி என் தோளுக்கு மேலே போய் வலையில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. அதற்குள் அந்த ஊர்ப் பெண்களுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் எல்லாமே காலடிக்கு. தெரிந்தும் முழங்கால் மடிந்தது. உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. அவர்கள் கோல் நாற்பதை நெருங்கிய பிறகு ஸ்கோர் பலகையைப் பார்ப்பதை விட்டேன்.

மேட்ச் முடிந்து பஸ். பக்கத்தில் ஹர்ஜீத், லெஃப்ட் விங்கில் ஆடுகிற பஞ்சாபிப் பெண். தன் டீயில் பாதியை என் டம்ளரில் ஊற்றினாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. என் இந்தி சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் மட்டும். ஆனாலும் அந்த பஸ்ஸில் நான் தனியாக இல்லை.

இங்கே எல்லோரும் என் பாஷை பேசுகிறார்கள்.

நாலு மாதமாகக் கல்யாணச் சத்திரத்துச் சிமெண்ட் தரையில் பழகுகிறேன். குந்தாமல் நிற்க. கடைசிவரை நிற்க. இப்போது முழங்கால் கொஞ்சம் கேட்கிறது. நிஜக் கை எறிந்தால் கேட்குமா? முகாமில்தான் தெரியும். அதற்காகவாவது போகவேண்டும். ஒரு மேட்ச். ஒன்று.

ஜூலை 28, வியாழன்

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அத்தை தலை வாரினபோது ஏன் அப்படி ஆனாய்?

"ஒண்ணுமில்ல."

நானும் கல் பொறுக்கினேன். தானாக வந்தது.

"நீ ஏரோப்ளேன் ஏறின அன்னிக்கு முருகன் மலைக்குப் போனேன். புள்ள நல்லபடியா திரும்பி வந்தா முடி எறக்கறேன்னு வேண்டிக்கினேன்."

"யார் முடி?"

"உன்னுதுதான்."

"என் முடியை நீ எப்படிம்மா கொடுப்ப?"

"நான் பெத்த தலதான?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆனா ஜெயிக்கணும்னு கேக்கலடி. வந்தா போதும்னு இருந்துச்சு. அதுக்குத் தனியா கேக்கணும்னு எனக்குத் தெரியல. ஜெயிக்கிறது நீங்களே பாத்துக்குவீங்கன்னு நெனச்சேன். அதனாலதான் அத்தினி பேரும் தோத்தீங்களா?"

இல்லை என்றேன். மரத்தரை, பந்து எழும்புவது, என் முழங்கால், எல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். "ஆங்," என்றாள். "அந்த முழங்கால சொல்லி சாமிகிட்ட கேட்டிருக்கணும்."

அந்தத் தோல்வி என்னுடையது மட்டும் என்று இத்தனை நாள் வைத்திருந்தேன். அதே வீட்டில், அடுப்படியில், இவளும்.

வேண்டுதலை இன்னும் செலுத்தவில்லை. அத்தைக்குத் தெரியும். கல்யாணம் ஆகட்டும், பூமுடி போதும், மூன்று கத்தரி வெட்டு, சாமி ஒத்துக்கொள்ளும் என்று தள்ளிப் போட வைத்தவளே அவள்தான். அம்மாவுக்கு அந்தக் கடன் தூக்கத்தில் உறுத்துகிறது.

எனக்குச் சாமி இல்லை. காலேஜில் மூன்றாம் வருடம் போனது, திரும்பி வரவில்லை. ஆனால் அம்மா இருக்கிறாள்.

ஜூலை 30, சனி

காலையில் அம்மாவிடம்: "வா, மலைக்குப் போய் பூமுடி குடுத்துட்டு வந்துடலாம்." உடனே புடவை மாற்றினாள்.

படியேறிப் போனோம். நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தாள். ஆடிக் கிருத்திகைக்கு மூங்கில் தடுப்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். முடி இறக்கும் கொட்டகையில் ஈரத் தரை, மஞ்சள் துணி, ஒரு கைக்குழந்தையின் அலறல்.

நாவிதர் சீட்டை வாங்கினார். "பூமுடியா, முழுசா?"

அம்மா: "பூமுடிங்க."

நான்: "முழுசு."

அவர் இரண்டு பேரையும் பார்த்தார். "சீக்கிரம் சொல்லுங்கம்மா, பின்னால ஆள் நிக்குது. யார் சொல்றத கேக்கறது?"

"நாளைக்கு அவங்க வர்றாங்கடி," என்றாள் அம்மா.

"தெரியும்."

"தெரிஞ்சேதானா?"

"வேண்டிக்கினது நீதானம்மா."

நின்றாள். கைக்குழந்தையின் அழுகை ஓய்கிற வரை நின்றாள். பிறகு என் பின்னால் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்தாள். சொம்புத் தண்ணீரை உச்சியில் ஊற்றித் தேய்த்தாள், சின்ன வயதில் தேய்த்ததுபோல, காது மடல் வரை. நாவிதரிடம், "முழுசுங்க," என்றாள்.

"தலயக் குனிம்மா. ஆடாத."

கத்தி பின்கழுத்துக்கு வந்தபோது உடம்பு கூசியது. அசையவில்லை. முழங்கால் உட்பட.

சந்தனம். காற்று தலையில் நேராகப் பட்டது. கீழே ஊர், ரயில் பாதை, அந்தப் பக்கம் ஆந்திரா மலைகள். இது பக்தி இல்லை. தந்திரம் என்று சொல்லலாம். முழுக்க அதுவும் இல்லை. இறங்கும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூலை 31, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னாலேயே அத்தை வந்துவிட்டாள். வாசலில் என்னைப் பார்த்து, கையில் இருந்த மல்லிகைப்பூவோடு அப்படியே நின்றாள். அந்தப் பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் அழ ஆரம்பித்தாள் என்று நினைக்கிறேன்.

"ஒரு மாசம் பொறுக்கக் கூடாதா உங்க முருகன்? நான் அந்தூட்டு வாசல்ல எப்படி நிப்பேன்? இவளுக்குத்தான் புத்தி இல்ல, நீயாவது சொல்லக் கூடாதாடா தம்பி?"

நைனா பேப்பரை இறக்கினார். முழுவதும் இறக்கி, மடித்து, மடியில் வைத்தார்.

"சாமிக்குப் போனத திருப்பிக் கேக்க முடியுமாக்கா?"

"அப்ப ஆவணி?"

"முடி வளரட்டும். அதுவரிக்கும் புள்ள இங்க உக்காந்து இன்னா பண்ணப்போவுது? முகாமுக்குப் போய்ட்டு வரட்டும்."

பேப்பர் மறுபடி ஏறியது. எனக்குத் தெரிந்து நைனா தடுத்த முதல் பந்து.

அத்தை அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டாள். மாப்பிள்ளை வீட்டை வழியிலேயே நிறுத்தவேண்டுமே. பூ குத்துவிளக்குக்குப் போனது.

ஜெயித்த மாதிரி இல்லை. கண்ணாடியில் யாரோ ஒருத்தி. காது பெரிதாக. ஹர்ஜீத் சீக்கியப் பெண், அவர்கள் முடியில் கத்தியே வைப்பதில்லை. என்ன நினைப்பாள்? இந்த வேண்டுதலை என் இந்தியில் எப்படிச் சொல்வது? பெட்டியில்: ஷூ, முழங்கால் பட்டை, இரண்டு புத்தகம், ஊறுகாய். சீப்பை எடுத்து வைத்து, திரும்ப வெளியே வைத்தேன்.

ஆகஸ்ட் 2, செவ்வாய்

தூறல். நாளை கிருத்திகை. மெட்ராஸ் பக்கமிருந்து வரும் வண்டியெல்லாம் காவடி, மஞ்சள் துணி, அரோகரா. மெட்ராஸுக்குப் போகும் வண்டி காலி. என் பெட்டியில் நான் மட்டும். நைனாவுக்கு ஷிஃப்ட், வரவில்லை. அம்மா பிளாட்பாரத்தில், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி.

இறங்குகிற கூட்டத்தில் ஒருத்தி என்னைப் பார்த்து, "அதுக்குள்ள தரிசனம் ஆச்சாம்மா?" என்றாள். தலையாட்டினேன்.

அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இந்தவாட்டி ஜெயிக்கிறதுக்குக் கேக்கப்போறேன்."

"எங்கிட்ட இனிமே ஒண்ணும் இல்லம்மா."

"உன்னுது யாரு கேட்டா? என்னுது கீது." முந்தானையை விலக்கிக் கொண்டையைத் தொட்டுக் காட்டினாள். நரை ஓடிய, நான் கவனித்தே இராத கொண்டை. "எல்லா ஆட்டத்துக்கும் கேட்டா பேராசை. ஒண்ணு கேக்கறேன். எதுன்னு சொல்லு, அதச் சொல்லித்தான் வேண்டிக்கணும்."

சரியாகப் பதில் சொல்ல நினைத்தேன். எந்த ஆட்டத்தில் எங்களால் முடியும் என்று யோசித்தேன், அணி அணியாக. வண்டி நகர்ந்தது.

ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன். "மொதோ மேட்ச்!"

அரோகரா சத்தம். கேட்டதா, தெரியவில்லை.