அடையாள அட்டை கொடுத்து எடுத்த படம்

மச்சான்,

முன்னறையில் தங்கச்சியின் பிள்ளைகள் யப்பான் படம் பார்க்கிறார்கள். எங்களுடைய அந்தச் செம்பு முகமூடிக்காரனைத்தான் மறுபடியும் உண்மையான ஆட்களை வைத்து எடுத்திருக்கிறார்களாம். மெட்டு அதேதான். கேட்டதும் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்கு, குசினிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டேன். படத்தில் கதவு சாத்துகிற இடம் இன்னும் வரவில்லை.

அது கார்ட்டூனாக டீவியில் சிங்களத்தில் ஓடிய காலத்தில்தான் நீ யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து கொட்டாஞ்சேனையில் என் அறையில் ஒண்டிக்கொண்டாய். உனக்கு மருந்துக்கடையில் வேலை. உனக்குத் தெரிந்த சிங்களம் முழுக்க அந்த முகமூடிக்காரன் சொல்லித் தந்தது. அரக்கனை மிரட்டுகிற குரலில் நீ பேக்கரியில் பாண் கேட்க, கடைக்கார அய்யே நடுங்கிப்போய் இரண்டு பாண் தந்தார். ஒன்றுதான் தந்தார். ஊரெல்லாம் இரண்டென்று சொல்லி எனக்கே இரண்டாகிவிட்டது.

ஆட்களை வைத்து எடுத்த படம் சீடியில் வந்திருக்கிறது என்று மோப்பம் பிடித்தவன் நான். போயா நாளுக்கு, அதுதான் பௌர்ணமி லீவுக்கு, முதல் நாள் பின்னேரம் வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினோம். சீடி தர வேண்டுமென்றால் அடையாள அட்டையை ஈடு வைக்கவேணும் என்றார் கடைக்காரர். என்னுடையதை நீட்டினேன். படத்தில் முகம் அழிந்துபோயிருந்தது.

"இது ஆர், உங்கட அப்பாவோ?" என்றார்.

நீ உன் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டாய். "அட்டை இல்லாமல் ரோட்டில இறங்கேலாது மச்சான்."

"நான் இருக்கிறனடா. துறைமுகத்து ஆள். பெரியவங்கள் எல்லாம் எனக்கு சலூட். நாளைக்குக் காலமை முதல் வேலையா எடுத்துத் தாறன்." உன் அட்டை கடைக்காரரின் லாச்சிக்குள் போனது.

போயா லீவு என்று துள்ளிய இரண்டு பேருக்கும், அன்றைக்குக் கடைக்கும் லீவு என்பது தோன்றவில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸை ஆமிக்காரர் யாரும் மறிக்கவில்லை. அது என் செல்வாக்கு என்றேன்.

காலையில்தான் உறைத்தது. "சரி, இண்டைக்கு வெளியில தலை காட்டாத. படம் பாப்பம்," என்றேன்.

என்ன படம் மச்சான் அது! முழுக்க யப்பான் பாஷை. கப்பல்காரரிடம் ஆறு மாதம் படித்தவன் என்று சொல்லி நான்தான் மொழிபெயர்த்தேன். முகமூடிக்காரன் தாயின் கையைப் பிடித்து அழுகிற இடத்தில், "குழம்புக்கு உப்புக் காணாதாம்," என்றேன். நீ பாயில் உருண்டு சிரித்தாய். வீரனுக்குத் தொந்தி; பறக்கும்போது கயிறு தெரிந்தது. ஆனாலும் முகமூடியைக் கழற்றினபோது அவன் நெற்றியில் வியர்வை வழிந்தது. "கார்ட்டூனில கீறின ஆளுக்கு வேர்க்காது மச்சான், இவன் உண்மையான ஆள்," என்று எழும்பி உட்கார்ந்தாய்.

பிறகு அந்த இடம். தெருமுனையில் இரும்பு அரக்கன் வர, வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்துப்படும். கார்ட்டூனில் அதற்கு விசிலடிப்போம். படத்தில் மரக்கதவு, இரும்புத் தாழ்ப்பாள். டக். டக். டக்.

நீ விசிலடிக்கவில்லை. "கார்ட்டூனில பயமில்லை. சத்தம் கேட்டாத்தான் பயம்," என்றாய்.

மூன்று மணிக்கு இரண்டாம் தரம் போட்டோம். எனக்குக் கடித்துக்கொள்ள மீன் பணிஸ் இல்லாமல் படம் இறங்காது. "முடக்குக் கடைதானே, ஓடிப் போட்டு வா."

"நீ போவன்."

"நான் போனா உனக்கு யப்பான் பாஷை ஆர் சொல்லுறது?"

சிரித்துக்கொண்டு செருப்பை மாட்டினாய்.

படத்தை நிறுத்தி வைத்திருந்தேன். திரையில் கதவுகள் பாதி சாத்தினபடி நின்றன. வெளியே ஒரு வான் பிரேக் போட்டு நின்றது. யாரோ சிங்களத்தில் அட்டை கேட்டு அதட்டினார்கள். நீ பதில் சொன்னாய், அதே முகமூடிக்காரனின் சிங்களத்தில். ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு எங்கள் தெருவில் கேட்டது. டக். டக். டக்.

வானுக்குப் பின்னால் பொரளை வரை ஓடினேன் என்று உன் அக்காவுக்குச் சொன்னேன். மருமக்களிடம் சொல்லும்போது பொரளை இன்னும் தள்ளி நுகேகொடையாகி, காலில் துவக்குச் சூடும் பட்டது. உன்னிடம் அந்தக் கதை எடுபடாது. நீ தெருவில் நின்றவன். கடைசியாகச் சாத்தின கதவு எங்களுடையது. தாழ்ப்பாள் போட்டது நான்.

அடுத்த நாள் சீடியைக் கொடுத்து உன் அட்டையை எடுத்தேன். "படம் எப்பிடி?" என்றார் கடைக்காரர். நல்ல படம் என்றேன். அந்த அட்டையைக் காட்டி உன்னைக் கேட்காத பொலிஸ் வாசல் இல்லை, முகாம் வாசல் இல்லை. இதில் கூட்டல் ஒன்றும் இல்லை மச்சான். அது இப்போதும் என் சட்டைப் பையில்தான் கிடக்கிறது. என் படத்தில் முகமில்லை, உன்னுடையதில் நீ அப்படியே இருக்கிறாய்.

முன்னறையில் அந்தச் சத்தம் வந்துவிட்டது. சின்னவள் கத்துகிறாள்: "மாமா, பயமாக் கிடக்கு, முன்கதவைப் பூட்டிவிடுங்கோ!"

எழும்பிப் போனேன். பூட்டவில்லை, இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து வைத்துவிட்டு வந்தேன். பின்னேரம் மூன்று மணிக்கு இந்த வீட்டில் முன்கதவு சாத்துவதில்லை. காற்றுக்காக என்று சொல்லி வைத்திருக்கிறேன்.