பொன்னிக்குத் தெரிந்த இரண்டு வார்த்தை

1944 ஜனவரி 18, செவ்வாய்

காலையில் பனி. மாஹிம் பக்கம் ரயில் போனது கேட்டது, கண்ணுக்குத் தெரியவில்லை. இருமல் விடவில்லை.

கடையில் பாதி அலமாரி காலி. ரேஷன் வந்ததிலிருந்து மாதுங்கா வீடுகளில் அவரவரே பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். வண்டியில் ஏற்றி வீடு வீடாகப் போட என்ன இருக்கிறது? இன்று புளி இரண்டு வீடு, காப்பிக்கொட்டை ஒரு வீடு. அதற்கு ஒரு வண்டி, ஒரு குதிரை.

பொன்னிக்குக் கொள்ளு கிடைத்து மூன்று நாள். வெறும் புல். விலா எலும்பை எண்ணலாம். மாட்டுப் பொங்கலுக்கு இட்ட குங்குமம் நெற்றியில் பாதி இன்னும் இருக்கிறது.

கல்யாணிலிருந்து விட்டல் வியாழன் வருகிறான். பால் வண்டிக்கு வேண்டுமாம். அங்கே புல்லும் உண்டு, கொள்ளும் உண்டு என்கிறான். கொடுத்துவிட வேண்டியதுதான். எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டேன்.

19, புதன்

கடைசிச் சுற்று. ஒவ்வொரு கேட் முன்னாலும் தானாக நின்றாள், சாமான் இல்லாத வீட்டு முன்னாலும். நான் சொன்ன பிறகுதான் நகர்ந்தாள். ஆறு வருஷப் பழக்கம்.

பாலக்காட்டு மாமி மாடியிலிருந்து: "இனிமே வண்டி வராதாமே, கடைக்காரரே? இதோட மணிச் சத்தம் கேட்டாத்தான் நான் காப்பிக்கு ஜலம் வெக்கறது." இறங்கி வந்து வெல்லக்கட்டி கொடுத்தாள். பொன்னி தின்றுவிட்டு மாமி கையை முழங்கை வரை நக்கிவிட்டாள். "சிவ சிவா, இனி குளிக்கணும்" என்று மாமி ஓட்டம். சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு.

விட்டலிடம் சொல்ல வேண்டியவை:
– ரயில் ஊதினால் மிரளும். கழுத்தைத் தட்ட வேண்டும்.
– கொள்ளு ஊறவைத்துத்தான்.
– தண்ணீரில் பிடி தவிடு. இல்லாவிட்டால் வாளியைத் தள்ளிவிடும்.
– இடது பின்கால் லாடம், மாதாமாதம்.
– சாட்டை கூடாது. கூடவே கூடாது.

20, வியாழன்

வந்தான். கயிறு கொண்டுவரவில்லை. விற்ற மாட்டோடு அதன் கயிற்றையும் கொடுத்தனுப்புவது ஊரில் வழக்கமில்லை. குதிரைக்கும் அதேதானா, இங்கே யாரைக் கேட்பது? தாராவி மெயின் ரோடு வரை போய்ப் புதுக் கயிறு வாங்கி வந்து நானே மாற்றினேன். விட்டல் சிரித்தான். நல்ல பையன்தான்.

பட்டியலை ஹிந்தியில் சொன்னேன். தலையை ஆட்டினான்.

கயிற்றைப் பிடித்து நடத்தினால் யாரோடும் போவாள். போனாள். சயான் வரை கூட நடந்தேன். "பஸ், சேட்" என்றான். போதும் என்கிறான். திரும்பிவிட்டேன். இரவு முலுண்டில் தங்கி நாளை கல்யாண் சேர்வார்கள்.

22, சனி

லாயத்தைக் கழுவினேன். எதற்கென்று தெரியவில்லை.

இன்று நான் பேசியது: "இல்லை." "நாளைக்கு வாங்க." "சில்லறை இருக்கா?" அவ்வளவுதான்.

பக்கத்து அறை மாடசாமி: "என்ன அண்ணாச்சி, ஒரு குதிரைக்காவ இப்படி இடிஞ்சுபோயி இருக்கீய. ஊருக்குப் போயி ஒரு மாசம் இருந்துட்டு வாங்களேன்."

ஊரில் யார் இருக்கிறார்கள்? வீட்டுக்காரி செண்பகம் போய் நாலு வருஷம். அவள் இருந்தால் இந்நேரம் எனக்கு இருமலுக்குக் கஷாயமும் திட்டும் கிடைத்திருக்கும்.

26, புதன்

மத்தியானம் விட்டல் கடை வாசலில். முகம் செத்திருந்தது. "சல்தீச் நை, சேட்." நகரவே மாட்டேன் என்கிறதாம்.

வண்டியில் பூட்டினால் முதல் வாசல் வரை போகிறதாம். நிற்கிறதாம். பாலை ஊற்றிவிட்டு வந்து சல் என்கிறான், சலோ என்கிறான், நாக்கைச் சொடுக்குகிறான். திரும்பிப் பார்த்துக்கொண்டே நிற்கிறதாம். அவன் அண்ணன் சாட்டையை எடுத்துவிட்டான். இவன் பிடுங்கினான். எத்தனை நாள் பிடுங்குவது என்று என்னையே கேட்டான்.

எல்லாம் எழுதினேன், இதை விட்டுவிட்டேன். ஊரெல்லாம் ஹிந்தி பேசுகிறேன். அவளிடம் ஒரு நாளும் பேசியதில்லை. அவளுக்குத் தெரிந்தது எங்கள் திருநெல்வேலிப் பேச்சு, அதிலும் இரண்டே வார்த்தை. "ஏட்டி, போவமா."

சொல்லிக்கொடுக்கக் கூச்சம். செண்பகத்தைக் கூப்பிட்டதும் அப்படித்தான். கோயிலுக்கு, சந்தைக்கு, கடைசியில் ஆஸ்பத்திரிக்கு. அது இன்னொருத்தன் வாயில் போவதா என்று இருந்தது. சாட்டையை நினைத்தேன். சொல்லிவிட்டேன்.

விட்டல்: "யேட்டீ போமா." ஏழெட்டுத் தடவை திருத்தினேன். அதற்கு மேல் வரவில்லை. ஞாயிறு நானே வருகிறேன் என்று அனுப்பினேன்.

30, ஞாயிறு

கடை அடைப்பு. காலை லோக்கலில் கல்யாண். மாமி கொடுத்தனுப்பிய வெல்லம் மடியில்.

கொஞ்சம் தேறியிருக்கிறாள். வயிறு நிறைகிறது போலும். என்னைக் கண்டதும் மூக்கால் தோளை முட்டினாள். அழுதுவிட்டேன். விட்டல் துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கிக்கொண்டிருந்தான்.

வண்டி பூட்டியாயிற்று. அவன் பக்கத்தில் நான். முதல் வாசல். நின்றாள். பாலை ஊற்றிவிட்டு வந்து ஏறினான்.

"யேட்டீ, போமா."

காது இரண்டும் என் பக்கம் திரும்பின. நான் சொன்னால் உடனே போவாள். நாளைக்கு நான் இருக்க மாட்டேன், சாட்டை இருக்கும்.

இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். வார்த்தை வாய் வரை வந்துவிட்டது. துண்டை வாயில் அழுத்திக்கொண்டேன்.

நாலாவது தடவை நகர்ந்தாள்.

அடுத்த வாசலில் இரண்டு தடவை. அதற்கடுத்ததில் ஒரே தடவை. அதற்கும் அடுத்த வாசலில் நான் இறங்கிக்கொண்டேன். விட்டல் சொன்னான். போய்விட்டாள்.