பெரிய சைஸ் குழாய்

ஆவணி 9, செவ்வாய். வேப்பந்தட்டை.

என்னை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. என் வீட்டுக்காரருக்குப் போட்டிருக்கும் சிறுநீர்க் குழாயின் ஓரமாக ஒரு வாரமாய் ஒழுகியது. நாற்றம் தாங்காமல், வீட்டுக்கு வரும் நர்ஸிடம் சனிக்கிழமை நான்தான் சொன்னேன்: "பெரிய சைஸா போடும்மா, ஒழுகாது."

"டாக்டரைக் கேட்டுக்கலாமே டீச்சர்" என்றாள். நான் விடவில்லை.

ஒழுகல் நின்றது. இன்று காலை குழாயில் மாட்டியிருக்கும் பையில் ரத்தம்.

"எப்பலேர்ந்து வலிக்குது?" என்று அவரைக் கேட்டேன்.

"போட்டதிலேர்ந்தே, முள்ளு மேல உக்காந்தாப்ல இருக்கு."

"சொல்றதுக்கென்ன?"

"விரிப்பைத் தூக்கறப்பல்லாம் ச்சீன்னியே, டீச்சரம்மா." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வகுப்பில் மைப்பேனா ஒழுகினால் பிள்ளைகள் பலங்கொண்டமட்டும் திருகி மரையை உடைப்பார்கள். "எதனால ஒழுகுதுன்னு மொதல்ல பாரு" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அவர் உடம்பில் நானே அதைச் செய்துவிட்டேன்.

பெரம்பலூர் டாக்டர் மாலையில் பழைய அளவையே போட்டுவிட்டார். "உள்ள மூத்திரப்பை சுருங்கி இழுக்குதும்மா, அதான் ஒழுகுது. பெருசு போட்டா புண்ணுதான் ஆவும்" என்று மாத்திரை எழுதினார்.

இன்னும் லேசாக ஒழுகுகிறது போலிருக்கிறது. சற்றுமுன் எட்டிப் பார்த்தேன். நனைந்த துண்டைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டுத் தூங்குகிறார்.