நரி கதைத்தது போதும்

விசுவமடு,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பி சுதாகரனுக்கு,

அக்கா விமலேஸ்வரி எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம். உன் சுகத்தைக் கேட்க மனம் வரவில்லை, அவ்வளவு கோபம். போனில் ஏசினால் “சிக்னல் இல்லை அக்கா” என்று வைத்துவிடுவாய். கடிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை. லீவு முடிந்து கட்டாருக்கு வருகிற ராசுவிடம் கொடுத்துவிடுகிறேன். நீ வாசித்து முடிக்கும்வரை முன்னாலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

நான் மல்லாவியிலிருந்து உன் வீட்டுக்குக் கச்சான் கடலை பிடுங்க வந்தேன். நல்ல விளைச்சல். உன் ஆடு உன் மனுசி சுதர்சினியின் சேலையைத் தின்றுவிட்டது. வளர்த்தவனைப் போலத்தானே இருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் ஆரணி இரண்டு வயது கடந்தும் ஒரு சொல் சொல்லவில்லை என்று கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். அங்கிருந்த நேர்ஸ் மிஸ், “பிள்ளையோட கதைக்கிறனீங்களோ?” என்று கேட்டா. உன் மனுசி, “ஆமாங்க மிஸ், புள்ள பொறந்தப்பவே நீங்க சொன்னீங்களே, காலையில இருந்து கதைதான்” என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் கதை என்றால் வாய் திறந்து பேசுவது. மலையகத்து அட்டனில் பிறந்தவளுக்குக் கதை என்றால் நரியும் காகமும். தனக்குக் கதை சொல்லத் தெரியாது என்று, கைக்குழந்தையிலிருந்தே போனில் கதை போட்டுக் காட்டியிருக்கிறாள். நீயும் படம் பார்க்கிற பெரிய டெப் வாங்கி அனுப்பினாய். இவ்வளவு காலமும் பிள்ளையோடு நரிதான் கதைத்திருக்கிறது!

மிஸ் விளக்கினா. பிறந்த முதல் சில வருஷத்தில்தான் மூளைக்குள் கனக்கப் பாதை விழுகிறதாம். பிள்ளை ஒரு சத்தம் போட, முகம் பார்த்து நாங்கள் திருப்பிச் சத்தம் போட, அந்தப் பாதை இறுகுமாம். ஆள் நடக்காத வரம்பில் புல் மூடுவது போல, பதில் வராத பாதை மூடிப்போகுமாம். இன்னும் காலம் இருக்கிறது, இன்றைக்கே தொடங்குங்கள் என்றா. காதையும் சோதிக்கச் சொன்னா.

சுதர்சினி அழுதுகொண்டு உனக்குச் சொல்ல, நீ என்ன சொன்னாய்? “மோட்டுக் குடும்பத்திலை கட்டினது என்ரை பிழை” என்றாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது தம்பி, குசினியில் நான் சமைத்துக்கொண்டிருந்தேன்.

மோடன் நீதானடா, முழு முட்டாள்! அவளின் தமிழை நீ பகிடி பண்ணிச் சிரிக்கச் சிரிக்க, பிள்ளைக்கும் அது ஒட்டிவிடும் என்று அவள் வாயையே மூடிவிட்டாள். நீ ஒவ்வொரு நாளும் போன் எடுத்து ஆட்டைக் கேட்கிறாய், தண்ணீர்ப் பம்பைக் கேட்கிறாய். பிள்ளையை ஒருநாள் கூப்பிட்டாயா? “அவளுக்கு என்ன விளங்கப்போகுது” என்கிறாய். விளங்க வேண்டும் என்றுதானடா கதைக்கச் சொல்வது!

டெப்பை அலுமாரியில் பூட்டிவிட்டேன். சுதர்சினி இப்போது தன் தமிழில் “வாடி தங்கம், பாருடி தங்கம்” என்று முற்றம் முழுக்கக் கதைத்துத் திரிகிறாள். நேற்று ஆடு “மே” என்றது. ஆரணி திரும்பி “மே” என்றாள். ஆட்டுக்கு வந்த புத்தி தகப்பனுக்கு வரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். உன் முகம் போனில் வந்ததும் பிள்ளை விரலால் உன்னைத் தள்ளிவிடுகிறாள், அடுத்த படம் வரும் என்று. அது அவளின் பிழை இல்லை. தள்ளினாலும் போனை வைக்காதே. திரும்ப எடு. “மே” என்றாவது சொல்லு.

கடவுள் உன்னைக் காக்கட்டும். உன் குரல் அவளுக்குக் கிடைக்கட்டும்.

கோபம் தீராத,
அக்கா